ஆறு வீட்டுப் பல்பொடி

18 ஜனவரி 1954, திங்கள்

இன்றைய பிழை: ஆசிட் அளக்கும் அவுன்ஸ் கிளாஸைக் கைதவறி உடைத்துவிட்டேன். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரிடம் இன்னும் சொல்லவில்லை.

குலசேகரம் மாலை வகுப்பில் செல்வதாஸ் சார் எங்களுக்கு வைத்திருக்கும் முறை இது. முதல் வரியில் அன்று செய்த பிழை, கடைசி வரியில் மறுநாள் செய்ய வேண்டிய வேலை, நடுவில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். தினம் எழுதினால் தமிழ் தானாகத் திருந்தும் என்கிறார். நோட்டைப் புரட்டுவார், படிக்கமாட்டார். பக்கம் நிறைந்திருந்தால் போதும். என் பக்கங்கள் நிறையாமல் இருந்ததே இல்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். ரப்பர் எஸ்டேட் ஷெட்டில் என் வேலை பாலை உறைய வைப்பது. பால் வெட்டுக்குப் போனவர்கள் பதினோரு மணிவாக்கில் ரப்பர் பாலை வாளிகளில் கொண்டுவந்து சேர்ப்பார்கள். நான் அதை வடிகட்டி, தண்ணீர் கலந்து, தகர டிஷ்களில் ஊற்றி, ஒவ்வொரு டிஷ்ஷிலும் நீர்த்த ஆசிட்டை அளந்து விட வேண்டும். கட்டியானதும் ராகேல் அக்காவும் நானும் அதை ரோலரில் விட்டு ஷீட் அடிப்போம். பிறகு புகையில் காயப் புகைப்புரைக்குள் தொங்கவிடுவோம்.

இன்று ஆறாவது டிஷ்ஷுக்கு வரும்போது கிளாஸ் விழுந்தது. பால் காத்திருக்காது. கைக்கு எட்டிய ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்து மீதியை அதிலேயே அளந்து முடித்தேன். மரத்தில் பால் ஏந்தும் சிரட்டையில் ரப்பர் ஆடை ஒட்டியிருக்கும், அளவு சரியாக நிற்காது. அதனால் சுத்தமான சிரட்டையாகப் பார்த்துத்தான் எடுத்தேன். வேலை முடிந்ததும் மூன்று முறை கழுவி, எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

எடுத்த இடம் எது என்பதுதான் வகுப்பில் உட்கார்ந்தபோது தெரியாமல் போனது. செல்வதாஸ் சார் கலவைக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தார். பத்து படிப் பாலில் ஒரு படித் தண்ணீர். நூற்றுக்கு எத்தனை பங்கு? எனக்கு உடனே ஷெட் வாசலில் இருக்கும் குடிதண்ணீர்ப் பானை கண்ணில் வந்தது. அதன் பக்கத்துப் பலகையில் தண்ணீர் மொண்டு குடிக்கச் சிரட்டைகள் கவிழ்த்திருக்கும். சுத்தமான சிரட்டை ஷெட்டில் இரண்டு இடத்தில்தான் உண்டு. ஒன்று புதுச் சிரட்டைக் குவியல், மற்றொன்று அந்தப் பலகை. குவியலில் இருந்துதான் எடுத்தேன் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்பதை எழுதும்போதே கை நிற்கிறது.

நோட்டை மூடிவிட்டு எழுந்தேன். பக்கத்தில் இருக்கும் கிளீட்டஸ் கடியப்பட்டணத்துக்காரன், சந்தையில் கருவாட்டுக் கடையில் நிற்கிறான். "எங்க போற? தினமும் இந்த நேரத்துக்கு ஒனக்கு வயித்தாலயா போவுது?" என்று கேட்டான். முன் பெஞ்சுவரை சிரித்தார்கள். வயிறுதான் என்று சொல்லிவிட்டு வந்தேன். அது இரண்டாவது பிழை.

ஒன்றரை மைல் நடந்து ஷெட்டுக்கு வந்தபோது வெளிச்சம் கொஞ்சம் இருந்தது. பலகையில் ஐந்து சிரட்டை. எப்போதும் நான்குதானா ஐந்தா? எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்கிற நான் இதை எண்ணி வைத்ததில்லை. ஒவ்வொன்றாக எடுத்து மோந்தேன். ஐந்திலும் ஆசிட் வாடை அடித்தது. பிறகு என் விரலை மோந்தேன். விரலிலும் அதே வாடை. நான்கு வருடமாக என் விரல் அப்படித்தான் இருக்கிறது. இனி எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

ஐந்தையும் மடியில் கட்டிக்கொண்டு போய்ப் புகைப்புரை விறகுக்கு அடியில் மறைத்தேன்.

இப்படித் திரும்பிப் போவது எனக்குப் புதிதல்ல. முன்பு நானும் பால்தான் வெட்டினேன். வெட்டுக்கத்தியை எந்த மரத்திலாவது குத்தி விட்டுவிட்டு வந்தேனோ, யார் தலையிலாவது விழுமோ என்று, கத்தி கையில் இருக்கும்போதே திரும்பிப் போய் மரங்களைப் பார்ப்பேன். முந்நூறு மரம். அதனால்தான் ஒரே கட்டடம், ஒரே ஆசிட் பாட்டில் என்று ஷெட் வேலையைக் கேட்டு வாங்கினேன். சென்ற ஆவணியில் என் தங்கை பிள்ளையைத் தூக்குவதையும் நிறுத்திக்கொண்டேன். மாமா கையில் போக அது இரண்டு கையையும் நீட்டும். நான் கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன்.

நாளைய வேலை: காலையில் முதலாக ஐந்து சிரட்டையையும் எரிக்க வேண்டும். கிளாஸ் உடைந்ததை ரைட்டரிடம் சொல்ல வேண்டும்.

19 ஜனவரி, செவ்வாய்

இன்றைய பிழை: கிளாஸில் முன்பே கீறல் இருந்தது என்று ரைட்டரிடம் சொன்னேன். கீறல் இல்லை.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் புதுக் கிளாஸ் எடுத்துக் கொடுத்தார். உண்மையைச் சொல்லியிருந்தாலும் அதே போலத்தான் கொடுத்திருப்பார்.

விடிந்ததும் சிரட்டைகளைக் கல்லால் உடைத்து, புகைப்புரை அடுப்பில் விறகுக்கு நடுவே திணித்தேன். முழுசாகப் போட்டால் யாராவது எடுத்துக் கழுவிவைத்துவிடுவார்கள் என்றுதான் உடைத்தேன். உடைத்த இடத்தில் சில்லு கிடந்து எவர் காலிலாவது ஏறுமோ என்று குனிந்து பொறுக்கினேன். பதினேழு சில்லு. அவற்றையும் அடுப்பில் போட்டேன்.

பால் கொண்டுவந்தவர்களுக்குத் தண்ணீர் குடிக்கச் சிரட்டை இல்லை. அவர்களில் பொன்னுலிங்கம் பானையின் முன்னால் நின்று சத்தம் போட்டான்.

"ஏலே, பொன்னைக் களவாண்டவனைக் கண்டிருக்கேன், வெள்ளியைக் களவாண்டவனைக் கண்டிருக்கேன். சிரட்டையைக் களவாண்டவன் எவம்லே? வந்து எனக்க கையப் பிடிச்சு ஒரு முத்தம் குடுத்துட்டுப் போ!"

"குரங்கு தூக்கியிருக்கும்" என்றான் ஒருவன்.

"குரங்குக்குச் சாயா குடிக்கவா? ஜெயசிங்கு, நீ பாத்தியா?"

நான் பார்க்கவில்லை என்றேன். அவர்கள் கையைக் குவித்துக் குடித்தார்கள். தண்ணீர் முழங்கை வழியாக வழிந்தது. ஆறு பேர் குடித்தார்கள், ஆறு பேரும் நன்றாகத்தான் நடந்து போனார்கள். பார்த்துக்கொண்டே நின்றேன்.

மத்தியானம் வரை மனசு லேசாக இருந்தது. கணக்கு முடிந்து சிலேட்டை அழித்ததுபோல. மாலை வகுப்பில் கடைசிவரை உட்கார்ந்தேன். சார்கூடப் பார்த்துவிட்டு, "ஜெயசிங், இன்றைக்கு வயிறு சரியாகிவிட்டதா?" என்றார்.

நாளைய வேலை: குவியலில் இருந்து நான்கு புதுச் சிரட்டை எடுத்து, தேய்த்து, பானைப் பலகையில் வைக்க வேண்டும். நான்குதான் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

20 ஜனவரி, புதன்

இன்றைய பிழை: புகைப்புரை அடுப்பில் எதைப் போட்டாலும் கரியாகத்தான் நிற்கும் என்பதை மறந்துபோனேன்.

ஷீட் புகையில்தான் காய வேண்டும். அதனால் அந்த அடுப்பில் தீயை எரியவிடமாட்டோம், மூச்சுமுட்ட மூடி வைப்போம். உள்ளே போனது சாம்பலாகாது, கருத்துக் கட்டியாகவே கிடக்கும். வேலைக்கு வந்த முதல் வாரத்தில் ராகேல் அக்காதான் இதைச் சொன்னார். நான்கு வருடமாகத் தெரிந்த ஒன்று நேற்றுக் காலையில் மட்டும் தெரியாமல் போயிற்று.

இன்று ரோலர் சுற்றும்போது அவரே பேச்சை எடுத்தார். அவருக்கு இரண்டு நாளாக ஜலதோஷம்.

"மக்கா, நேத்து சாயங்காலம் அடுப்பத் தொறந்தா நல்ல சிரட்டைக்கரி கெடந்துது. விறகுக்கரி பல்லுல கரகரங்கும். சிரட்டைக்கரின்னா மாவுதான். ராத்திரியே உப்பும் நல்லமொளகும் போட்டு இடிச்சாச்சு."

ரோலர் நின்றுவிட்டது. நான்தான் நிறுத்தியிருக்கிறேன்.

ராகேல் அக்கா பல்பொடி இடித்து ஆறு வீட்டுக்குக் கொடுப்பார். அது அவர்கள் தெருவில் வழக்கம். பொடி போகும், பதிலுக்கு ஒரு வீட்டில் இருந்து முருங்கைக்காய், ஒரு வீட்டில் இருந்து மரச்சீனிக் கிழங்கு என்று வரும். ஆறு வீட்டுப் பிள்ளைகளும் அதில்தான் பல் தேய்க்கின்றன.

"அக்கா, அந்தப் பொடியை எனக்குத் தருவீங்களா?"

"நாளைக்குக் கொண்டாறேன் ஒரு பொட்டலம்."

"எல்லாமே வேணும்."

"எல்லாமா? ஒனக்கென்ன, வாயில முப்பத்திரெண்டு பல்லா, முந்நூறா?"

வேறு வழி இல்லை. கிளாஸ் உடைந்தது, சிரட்டை, பலகை, விறகு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் சிரிப்பை அடக்கிக்கொண்டே வந்தது. கடைசியில் ரோலரில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்துத் தும்மினார்.

"அப்போ சிரட்டைக் கள்ளன் நீதானா! ஏலே, கழுவுன சிரட்டை. அதையும் தீயில போட்டாச்சு. தீயில போட்டா ஆசிட்டு உள்ள இருந்து நாமம் ஜெபிக்குமா? அதுக்க வாடை தெரியாதா எனக்கு?"

"உங்களுக்கு ஜலதோஷம் அக்கா. வாடை தெரியாது."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "காலம்பற அந்தப் பொடியிலதான் பல்லு தேச்சேன். நான் நிக்கேனா, கெடக்கேனா?"

நிற்கிறார் என்றேன். ஆனால் எத்தனை மணி நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது.

சாயங்காலம் ரைட்டரிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன்: ஆசிட்டைத் தீயில் காட்டினால் என்ன ஆகும்? ஆவியாகப் போகும், மூக்கை வைத்துக்கொண்டு நிற்காதே என்றார். எனக்கும் அது தெரியும். தெரிந்தது ஒரு பக்கம் கிடக்கிறது, பயம் ஒரு பக்கம் கிடக்கிறது. இரண்டும் ஒன்றை ஒன்று தொடுவதே இல்லை.

வகுப்பில் இருந்து பாதியில் எழுந்து வந்தேன். எங்கே போவது என்று தெரியாமல் பானைப் பலகையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். நான்கு சிரட்டை இருந்தன.

நாளைய வேலை: ராகேல் அக்கா வந்தாரா என்று பார்க்க வேண்டும்.

21 ஜனவரி, வியாழன்

இன்றைய பிழையை எழுதத் தெரியவில்லை. பிழையா, செய்ய வேண்டியதைச் செய்தேனா என்று புரியவில்லை. கீழே எழுதுகிறேன்.

ராகேல் அக்கா வேலைக்கு வரவில்லை.

நான் இங்கே சேர்ந்தபின் அவர் மூன்று நாள்தான் வராமல் இருந்திருக்கிறார். மூன்றுக்கும் காரணம் எனக்குத் தெரியும். ரோலரைச் சுற்ற இன்று பொன்னுலிங்கம் வந்தான். "மொகத்துக்கு என்னலே? செத்த வீட்டுக்குப் போறவன் மாதிரி இருக்க" என்றான். எட்டு ஷீட் தடிப்பு மாறிவிட்டது.

ஐந்து மணிக்கு வகுப்புக்குப் போகாமல் அவர் வீட்டுக்கு நடந்தேன். சிதறால் போகும் பாதையில் ஒரு மைல். கதவு பூட்டியிருந்தது. அடுத்த வீட்டுச் செல்லத்தாய் கோழியைக் கூட்டில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"ராகேல் அக்கா எங்கே?"

"விடியக்காலமே ஒரு ஆளு சைக்கிள்ல வந்து கூட்டிட்டுப் போச்சு. ஆஸ்பத்திரின்னு காதுல விழுந்துது. எதுக்குன்னு கேக்கதுக்குள்ள போயாச்சு. ஏன், என்ன விசயம்?"

ஆஸ்பத்திரி என்ற சொல்லுக்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. கோழிக்கூட்டுக்கு மேலே, சுவர் மாடத்தில், தேக்கிலைப் பொட்டலம் ஒன்று இருந்தது. கறுப்பாக விளிம்பில் சிந்தியிருந்தது.

"அது ராகேல் அக்கா கொடுத்த பொடியா?"

"ஆமா. நேத்து ராத்திரி குடுத்தா."

"அதைத் தொடாதீங்க. பிள்ளைகளுக்கும் கொடுக்காதீங்க. அதில் ஏதோ சேர்ந்துபோச்சு."

"என்ன சேந்துபோச்சு?"

"சேர்ந்திருக்கலாம். எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் தொடாதீங்க."

செல்லத்தாய் காறித் துப்பினாள். பிறகு தன் பிள்ளையைக் கூப்பிட்டு, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைப் பார்த்தாள். அந்தப் பிள்ளைக்கு ஆறு வயது இருக்கும். என்ன ஏது என்று தெரியாமல் அழுதது. நான் மற்ற ஐந்து வீட்டுக்கும் போனேன். ஐந்து வீட்டிலும் அதையே சொன்னேன். ஒவ்வொரு வீட்டிலும் பொட்டலத்தை எடுத்து என் முன்னாலேயே குப்பைக்குழியில் போட்டார்கள். ஆறும் போன பிறகுதான் என்னால் மூச்சு விட முடிந்தது.

நாளைய வேலை: ராகேல் அக்கா உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள வேண்டும். எந்த ஆஸ்பத்திரி என்று விசாரிக்க வேண்டும்.

22 ஜனவரி, வெள்ளி

இன்றைய பிழை என்று எழுத ஒன்றும் இல்லை. நேற்று எழுதாமல் விட்ட பிழையை இன்று எழுதுகிறேன்: ராகேல் அக்காவின் பெயரை ஆறு வீட்டில் கெடுத்துவிட்டேன்.

காலை ஏழரைக்கு அவர் ஷெட்டுக்குள் வந்தார். நான் டிஷ் கழுவிக்கொண்டிருந்தேன். எழுந்து நின்றேன். முதலில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் நன்றாக நடந்து வந்தார், ஜலதோஷம்கூடக் குறைந்திருந்தது.

"அக்கா, ஆஸ்பத்திரிக்கு..."

"எனக்க தங்கச்சி சொர்ணத்துக்குப் பேறு. ஆம்பிளப் பிள்ள. தாயும் பிள்ளையும் சொகமா இருக்கு." ஒவ்வொரு வாக்கியத்தையும் டிஷ்ஷைத் தரையில் வைப்பதுபோல வைத்தார். "ராத்திரி சந்தோசமா வீட்டுக்கு வாறேன். செல்லத்தாய் கதவை அடைக்கா. எதிர்வீட்டுக்காரி எனக்குக் கேக்க மாதிரி வாளி வெள்ளத்தை வாசல்ல கொட்டுகா. கிணத்தடியில ஒருத்தி கேக்கா, 'ஏட்டி ராகேலு, எங்க பிள்ளைவளுக்கு என்னத்தக் குடுத்த?' பதினாறு வருசமா குடுக்க பொடி. எனக்கு என்ன விசயம்னே தெரியாது. பேந்தப் பேந்த முழிச்சிட்டு நிக்கேன்."

கையில் இருந்த டிஷ்ஷைக் கீழே வைத்தேன்.

"ஆசிட்டுக்க கதையச் சொன்னியா அவளுவகிட்ட?"

"இல்லை. ஏதோ சேர்ந்துபோச்சு என்று மட்டும்..."

"அதுதான் நாசம். ஆசிட்டுன்னு சொல்லியிருந்தா சிரிச்சிருப்பாளுவ. ஏதோன்னு சொன்னா? ஒவ்வொருத்தியும் அவளவளுக்குத் தோணுனதப் போட்டு நெரப்பிட்டா. ஒருத்தி மருந்துங்கா, ஒருத்தி செய்வினைங்கா."

இத்தனை வருடமாக நான் பயந்த எதுவும் நடந்ததில்லை. கத்தி விழுந்ததில்லை, தண்ணீரில் எதுவும் கலந்ததில்லை. நேற்று, இதனால் கெடுதல் வருமோ என்று பயப்படாமல், நல்ல காரியம் செய்கிறோம் என்று போய்ச் செய்தது மட்டும் ஒரு ஆளின் மேல் விழுந்துவிட்டது.

"நான் வந்து சொல்கிறேன் அக்கா. எல்லார் முன்னாலும் அந்தப் பொடியைத் தின்று காட்டுகிறேன்."

"நீ தின்னா ஒனக்கென்ன பயம்? ஒனக்கு ஒன்னப்பத்திப் பயமே இல்லியே. அது எனக்குத் தெரியாதாக்கும்?" அவர் ரோலர் கைப்பிடியைப் பிடித்தார், சுற்றவில்லை. "அந்தக் கரியில பாதி மிச்சம் கெடக்கு. அதே கரிதான், ஒனக்க சிரட்டைக் கரி. இன்னைக்கு இடிச்சு ஆறு பொட்டலம் கட்டுவேன். நாளைக்குக் காலம்பற நீ வரணும். நடந்ததை ஒண்ணுவிடாம சொல்லணும். சொல்லிட்டு, ஒனக்க கையால ஒவ்வொரு வீட்டுலயும் குடுக்கணும்."

"வேறு கரியில் இடிக்கலாமே அக்கா. நான் நல்ல சிரட்டையாக..."

"வேற கரியில இடிச்சா அதுல தப்பு இருந்துதுன்னு ஆவும். எனக்க பொடியில தப்பு இல்ல."

"பிள்ளைகள் தேய்க்கும் அக்கா."

"தேய்க்கத்தான் பொடி."

பால் வந்தது. ஆசிட் அளந்தேன். புதுக் கிளாஸின் கோட்டில் ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை பார்த்தேன். ராகேல் அக்கா என்னோடு மத்தியானம் வரை பேசவில்லை. பொன்னுலிங்கம் வந்து, "என்ன, ரெண்டு பேரும் மௌன விரதமா?" என்று கேட்டதற்கு, "நீ சிரட்டையை எண்ணிட்டுப் போ" என்றார் அவர். சாப்பாட்டு நேரத்தில் கிழங்கைப் பிட்டு ஒரு பாதியை வழக்கம்போல என் பக்கம் வைத்தார். இன்று அதை எடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. எடுத்தேன்.

ஐந்து மணிக்குக் கிளம்பும்போது, "வரேன் அக்கா" என்று மட்டும் சொன்னேன். எதற்கு வருகிறேன் என்று சொல்லவில்லை. அவர் தலையாட்டினார்.

வகுப்பில் கடைசிவரை உட்கார்ந்தேன், ஆனால் கணக்கு ஒன்றும் ஏறவில்லை. பிள்ளைகளின் வாய்தான் கண்ணில் நின்றது. செல்லத்தாயின் பிள்ளைக்கு முன் பல் இரண்டு விழுந்திருக்கிறது. ஈறு வெறுமையாக இருக்கிறது. அதில் பட்டால்? கிளீட்டஸ் என் நோட்டைப் பார்த்துவிட்டு, "வெறும் பூச்சியமா போட்டு வச்சிருக்க" என்றான். உண்மைதான். பக்க ஓரத்தில் ஆறு பூச்சியம் போட்டிருந்தேன். ஒரு வீட்டுக்கு ஒன்று.

வகுப்பு விட்டதும் ஷெட் பக்கம் கால் போயிற்று. மிச்சக் கரி ராகேல் அக்கா வீட்டில் இருக்கிறது, ஷெட்டில் ஒன்றும் இல்லை. அப்படியும் வழியில் இருக்கும் பாலம் வரை போய்விட்டேன். அங்கே நின்றுகொண்டு, போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்று பார்த்தேன். பயம் குறையவில்லை. திரும்பி வீட்டுக்கு நடந்தபோதும் குறையவில்லை, கூடவே நடந்து வந்தது. தங்கை சோறு போட்டாள். பிள்ளை என் முழங்காலைப் பிடித்து நின்றது. கையைப் பின்னால் கொண்டுபோகாமல் மடியில் வைத்துக்கொண்டேன். அது ஒரு விரலைப் பிடித்தது. கொஞ்ச நேரம்தான். பிறகு உருவிக்கொண்டேன்.

நாளை கொடுத்த பிறகு எத்தனை நாள் அந்த ஆறு வீட்டையும் சுற்றி வருவேன் என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அந்தப் பிள்ளைகளை எண்ணுவேன் என்பது தெரியும். நான் கொடுக்காவிட்டால் ராகேல் அக்காவுக்குக் கதவு அடைத்தேதான் இருக்கும் என்பதும் தெரியும். எந்தப் பக்கம் போனாலும் ஒருவருக்கு என்னால் கெடுதல். ஒன்று நடந்திருக்கிறது, மற்றது நடக்கலாம் என்று நான் நினைக்கிறேன். இதை மூன்று முறை அடித்து எழுதிப் பார்த்துவிட்டேன், வாக்கியம் மாறவில்லை.

நாளைய வேலை: காலை ஆறு மணிக்கு ராகேல் அக்கா வீடு. ஆறு பொட்டலம் வாங்க வேண்டும். முதலில் செல்லத்தாய் வீடு. சிரட்டையில் ஆசிட் அளந்ததில் இருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் பொட்டலத்தை என் வலது கையால் கொடுக்க வேண்டும். பிறகு மற்ற ஐந்து வீடு. ஏழரைக்கு ஷெட்.